பேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப், யூடியூப்: விளம்பரத் தொல்லையும் ஸ்பேமும் குறைய எதை முதலில் அணைக்க வேண்டும்?

விளம்பரம் வரும்போதெல்லாம் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஹைட் ஆட்’ கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு மாதம் கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. மடையை அடைக்காமல் வயலில் தேங்கிய தண்ணீரை இறைப்பது போன்ற வேலை அது. உங்களைப் பற்றிய தகவல் எங்கிருந்து வருகிறதோ அந்த வாயை முதலில் அடைக்க வேண்டும். இறைப்பது அதன் பிறகுதான்.

இன்னொன்றையும் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கீழே உள்ளதை எல்லாம் செய்தாலும் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. உங்கள் திரையில் உள்ள இடம் ஒவ்வொரு முறையும் ஏலத்தில் விற்கப்படுகிறது. ஒருவர் விலகினால் இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார். குறைவது வேறு: நேற்று ஒரு கடையின் தளத்தில் பார்த்த செருப்பு இன்று பேஸ்புக்கில் பின்தொடர்வது, கடன் ஆப்களும் சூதாட்ட ஆப்களும் குறிவைத்துத் துரத்துவது, தெரியாத குழுக்களில் இழுத்துப் போடப்படுவது. இவை கண்கூடாகக் குறையும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒன்றரை மணி நேரம் தேவைப்படும். முடிந்தால் ஒரு லேப்டாப். சில பட்டியல்கள் போன் திரையில் படிக்க முடியாத அளவுக்கு நீளம். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றின் பாஸ்வேர்டுகளும், அவற்றில் பதிவான மின்னஞ்சலைத் திறக்கும் வழியும், ஓடிபி வரும் போனும் பக்கத்தில் இருக்கட்டும். பாதியில் ஓடிபிக்காக வேறு யாரையோ அழைக்க வேண்டி வந்தால் பெரும்பாலானவர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆப் பதிப்புக்கும் மொழிக்கும் ஏற்ப மெனுப் பெயர்கள் சற்று மாறலாம். கீழே சொல்லும் பெயர் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் தட்டிப் பாருங்கள்.

1. எந்த ஆப் யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தி மெட்டா: பேஸ்புக், மெசஞ்சர், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், வாட்ஸ்அப். இரண்டாவது கூகுள்: யூடியூப், ஜிமெயில், தேடல், ஆண்ட்ராய்டு போன். மூன்றாவது மற்றவை: எலான் மஸ்க்கின் எக்ஸ், மைக்ரோசாஃப்டின் லிங்க்ட்இன், டெலிகிராம்.

இது எதற்கென்றால், விளம்பரத்துக்கான தகவல் ஆப் வாரியாகப் பிரிந்து கிடப்பதில்லை; பெரும்பாலும் உரிமையாளர் வாரியாகத்தான் சேர்கிறது. இன்ஸ்டாகிராமை 2012-லும் வாட்ஸ்அப்பை 2014-லும் பேஸ்புக் வாங்கியது. 2024-ல் மெட்டாவின் மொத்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர்; அதில் சுமார் 16,060 கோடி டாலர் விளம்பரத்தில் வந்தது. இன்ஸ்டாவில் மட்டும் கதவைச் சாத்திவிட்டுப் பேஸ்புக்கைத் திறந்து வைத்தால் அதே வீட்டுக்கு வேறு வாசல் வழியாகத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் வேலையை உரிமையாளர் வாரியாகச் செய்யுங்கள்.

இங்கேயே ஒன்றைச் சரிபாருங்கள். பேஸ்புக்கும் இன்ஸ்டாவும் ஒரே ‘அக்கவுன்ட்ஸ் சென்டரில்’ (மெட்டா கணக்குகளின் செட்டிங்ஸை ஒன்றாக மாற்றும் இடம்) இருக்கின்றனவா? பேஸ்புக் செட்டிங்ஸின் உச்சியிலேயே அந்தப் பெட்டி இருக்கும். உள்ளே ‘அக்கவுன்ட்ஸ்’ என்பதைத் தொட்டால் எவை சேர்ந்திருக்கின்றன என்று தெரியும். இன்ஸ்டாவை வேறு மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால் அது தனி சென்டரில் இருக்கலாம். அப்படியென்றால் 3 முதல் 5 வரையிலான படிகளை இரண்டு முறை செய்ய வேண்டும். ‘எல்லாம் அணைத்துவிட்டேன், இன்ஸ்டாவில் மட்டும் ஒன்றும் மாறவில்லை’ என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2. கணக்கைப் பூட்டுங்கள்

அக்கவுன்ட்ஸ் சென்டரில் ‘பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி’. ‘வேர் யூ ஆர் லாக்ட் இன்’ பட்டியலில் நீங்கள் பயன்படுத்தாத போன், ஊர் இருந்தால் வெளியேற்றுங்கள். பிறகு ‘டூ-ஃபேக்டர் ஆதென்டிகேஷன்’ போடுங்கள்; பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும். அந்தக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் பெறுவதைவிட, போனிலேயே அதை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் மேல்.

விளம்பரத்தைப் பற்றிப் பேசும்போது இது எதற்கு என்று தோன்றலாம். வேறொருவர் உள்ளே இருக்கும் கணக்கில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் நிலைக்காது. தவிர, களவுபோன கணக்கிலிருந்துதான் ஸ்பேம் நம் நண்பர்களுக்குப் போகிறது. தெரிந்தவர் பெயரில் வருவதால்தான் அவர்களும் நம்பிக் கிளிக் செய்கிறார்கள்.

3. ‘பேஸ்புக் மூலம் லாகின்’ செய்த ஆப்களை முதலில் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போகவே கூடாது. 4-ஆவது படியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் பேஸ்புக் கணக்கைக் காட்டி உள்ளே போகும் ஆப்கள் பல உங்களை வெளியே தள்ளிவிடும். விளையாட்டில் சேர்த்த நாணயம், உணவு ஆப்பில் உள்ள முகவரி, பழைய ஆர்டர் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பேஸ்புக் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்’ திறங்கள். பட்டியலில் இப்போதும் பயன்படுத்தும் ஆப் இருந்தால், அந்த ஆப்புக்குள் போய் மின்னஞ்சலோ போன் எண்ணோ சேர்த்து, வெளியேறி, அந்த வழியில் திரும்ப நுழைய முடிகிறதா என்று சோதியுங்கள். நுழைய முடிந்த பிறகு இங்கே வந்து ‘ரிமூவ்’ கொடுங்கள்.

பயன்படுத்தாதவற்றை யோசிக்காமல் நீக்கலாம். ‘நீங்கள் முற்பிறவியில் யார்’, ‘உங்கள் முகம் எந்த நடிகரைப் போன்றது’ வகையறா இருந்தால் முதலில் அவற்றை. பேஸ்புக் பயனர்களின் தகவலை அரசியல் பிரச்சார நிறுவனம் ஒன்று எடுத்ததாக 2018-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இப்படி ஒரு கேள்வி-பதில் ஆப்பில்தான் தொடங்கியது. 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆப்பைத் தொட்டதுகூட இல்லை, தொட்டவர்களின் நண்பர்கள்.

4. வெளியிலிருந்து வரும் தகவலைத் துண்டியுங்கள்

அக்கவுன்ட்ஸ் சென்டர், ‘யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்’, ‘யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ்’. முழு வேலையிலும் முக்கியமான இடம் இதுதான்.

முதலில் ‘ரீசென்ட் ஆக்டிவிட்டி’யைத் திறந்து ஐந்து நிமிடம் படியுங்கள். துணிக்கடைத் தளம், மருந்து ஆர்டர் செய்த ஆப், பேருந்து டிக்கெட் பதிவு செய்த இடம் என்று நீங்கள் பேஸ்புக்கைத் திறக்காமலேயே செய்தவை பெயரோடு வரிசையாக இருக்கும். அந்தத் தளங்கள் தங்கள் பக்கத்தில் மெட்டாவின் ‘பிக்சல்’ என்ற சிறு நிரலை வைத்திருக்கின்றன. நீங்கள் பொருளைப் பார்ப்பது, கூடையில் போடுவது, வாங்குவது ஒவ்வொன்றும் அதன் வழியே போகிறது. சில நிறுவனங்கள் தங்கள் சர்வரிலிருந்து மெட்டாவின் சர்வருக்கு நேரடியாகவே அனுப்புகின்றன. அதை உங்கள் பிரவுசரில் உள்ள ஆட் பிளாக்கரால் தடுக்க முடியாது. அதனால்தான் இந்த செட்டிங் தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியது இரண்டு, இந்த வரிசையில்: முதலில் ‘மேனேஜ் ஃபியூச்சர் ஆக்டிவிட்டி’க்குள் ‘டிஸ்கனெக்ட் ஃபியூச்சர் ஆக்டிவிட்டி’; பிறகு ‘கிளியர் ப்ரீவியஸ் ஆக்டிவிட்டி’. பலர் பழையதை அழித்துவிட்டு நிறைவாக வெளியே வந்துவிடுகிறார்கள். வரப்போவதைத் துண்டிக்காததால் அடுத்த மாதமே பட்டியல் மறுபடியும் நிறைந்துவிடுகிறது. துண்டிப்பு முழுதாக நடக்க 48 மணி நேரம் வரை ஆகலாம். அன்றே பலன் தெரியவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். தளங்கள் தகவலை அனுப்புவது நிற்காது. மெட்டா அதை உங்கள் கணக்கோடு சேர்த்து வைப்பதுதான் நிற்கும்.

இதே பகுதியில், போனில் உள்ள தொடர்பு எண்களை மெட்டாவுக்கு அனுப்பும் ‘அப்லோட் கான்டாக்ட்ஸ்’ இருக்கும். அதையும் அணையுங்கள். உங்கள் போனில் உள்ள உறவினர், டாக்டர், பிளம்பர் எண்களைத் தருவதற்கு நீங்கள் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை. ஒவ்வொரு போனிலும் தனித்தனியே அணைக்க வேண்டும்.

5. இப்போதுதான் ‘ஆட் பிரிஃபரன்சஸ்’

அக்கவுன்ட்ஸ் சென்டரிலேயே இருக்கிறது. உள்ளே ‘மேனேஜ் இன்ஃபோ’ பகுதிக்கு முதலில் போங்கள்.

‘ஆக்டிவிட்டி இன்ஃபர்மேஷன் ஃப்ரம் ஆட் பார்ட்னர்ஸ்’ என்பதில் ‘நோ’. ‘கேட்டகரீஸ் யூஸ்ட் டு ரீச் யூ’ என்பதில் வேலை, படிப்பு, திருமண நிலை எல்லாவற்றையும் அணையுங்கள். ‘சோஷியல் இன்டராக்‌ஷன்ஸ்’ என்பதையும் விடாதீர்கள். அணைக்காவிட்டால் நீங்கள் லைக் போட்ட கடையின் விளம்பரத்தில் உங்கள் பெயர் உங்கள் நண்பருக்குக் காட்டப்படும்.

‘ஆடியன்ஸ் பேஸ்ட் அட்வர்டைசிங்’ என்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள் அல்லவா, அது போய்ச் சேரும் இடங்களில் இதுவும் ஒன்று. கடை தன் வாடிக்கையாளர் எண்களை ஒரு எக்செல் கோப்பாக வைத்திருக்கும். விளம்பரம் போடுபவர் அதை மெட்டாவில் ஏற்றுவார். ஏற்றும்போது ஒவ்வொரு எண்ணும் 64 எழுத்துக் கொண்ட குறியீடாக மாறும். ‘எண் யாருக்கும் தெரியாது’ என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் உங்கள் கணக்கில் உள்ள அதே எண்ணை மெட்டாவும் அதே முறையில் மாற்றினால் அதே குறியீடுதான் வரும். இரண்டும் பொருந்தியதும் ‘இவர் நம் வாடிக்கையாளர்’ என்று விளம்பரம் உங்களைத் தேடி வரும். அந்தப் பட்டியலை வைத்து உங்களைப் போன்ற வேறு ஆட்களைத் தேடித் தரவும் சொல்ல முடியும்.

இந்தப் பகுதியில் யார் யார் உங்களைப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பெயரோடு இருக்கும். ஒவ்வொரு பெயரையும் தொட்டு, பட்டியலைக் கொண்டு விளம்பரம் காட்ட அனுமதிக்க வேண்டாம் என்று கொடுக்க வேண்டும். மொத்தமாக அணைக்கும் பொத்தான் வைக்கவில்லை. இது வேண்டுமென்றே அலுப்பூட்டுவதாகத்தான் படுகிறது. நூறு பெயர் இருந்தால் கடன், சூதாட்டம், நிலம், முதலீடு சம்பந்தப்பட்டவற்றை மட்டுமாவது முடியுங்கள். இனி பில் கவுன்டரில் எண் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். எண் தராவிட்டால் பில் கிடையாது என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

அதன் பிறகு ‘கஸ்டமைஸ் ஆட்ஸ்’ பகுதி. ‘ஆட் டாபிக்ஸ்’ உள்ளே மது, சூதாட்டம், உடல் எடை, குழந்தை வளர்ப்பு, அரசியல் ஆகியவற்றைத் தேடி ‘சீ லெஸ்’ கொடுங்கள். கரு கலைந்த வீட்டில் குழந்தைச் சட்டை விளம்பரம் வருவது என்ன வலி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்காகவாவது இந்த ஒரு இடத்தைக் காட்டிக் கொடுங்கள்.

ஒரு பழக்கத்தையும் விட வேண்டும். பிடிக்காத விளம்பரத்தின் கீழே ‘இதை ஏன் எனக்குக் காட்டுகிறீர்கள்’ என்று கமென்ட் போடாதீர்கள். கமென்ட் போட்டவர்கள், வீடியோவை 3 விநாடி பார்த்தவர்கள் என்று தனித்தனிப் பட்டியல் எடுத்து, அவர்களுக்கே மறுபடி விளம்பரம் செய்ய வசதி இருக்கிறது. திட்டினாலும் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். நிற்காமல் தள்ளிவிட்டுப் போவதே நல்லது.

6. போனின் விளம்பர எண்

ஆப்கள் உங்களை அடையாளம் கண்டு விளம்பரம் காட்டப் பயன்படும் எண் ஒன்று ஒவ்வொரு போனிலும் இருக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ‘கூகுள்’, ‘ஆட்ஸ்’, ‘டெலீட் அட்வர்டைசிங் ஐடி’. அழித்த பிறகு அந்த எண்ணைக் கேட்கும் ஆப்களுக்கு வெறும் பூஜ்யங்களே கிடைக்கும். ‘ரீசெட்’ என்பதை அழுத்தாதீர்கள். அது புது எண் கொடுத்துவிடும். ஐபோனில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘டிராக்கிங்’, அதில் ‘அலோ ஆப்ஸ் டு ரெக்வெஸ்ட் டு டிராக்’ என்பதை அணைத்தால் போதும்.

7. கூகுள், யூடியூப், மற்றவை

கூகுள் கணக்கில் ‘மை ஆட் சென்டர்’ திறந்து, சூதாட்டம், மது போன்ற தலைப்புகளைக் குறைத்துவிட்டு, ‘பெர்சனலைஸ்டு ஆட்ஸ்’ என்பதை அணையுங்கள். ‘ஆக்டிவிட்டி கன்ட்ரோல்ஸ்’ உள்ளே யூடியூப் ஹிஸ்டரிக்கு 3 மாதத் தானியங்கி அழிப்பு வைக்கலாம். முழுதாக அணைத்தால் முகப்பில் வரும் பரிந்துரைகளும் போய்விடும். அது வேண்டுமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். எக்ஸ் தளத்தில் ‘பிரைவசி அண்ட் சேஃப்டி’, லிங்க்ட்இன்னில் ‘அட்வர்டைசிங் டேட்டா’ ஆகியவற்றுக்குள் இதே வகைப் பொத்தான்கள் உண்டு.

டெலிகிராமில் விளம்பரத்தைவிட ஆபத்தானது குழு அழைப்பு. ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில் குழுவில் சேர்க்கும் உரிமையை ‘மை கான்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று வாட்ஸ்அப்பில் தொடங்கி, டெலிகிராம் குழுவுக்குக் கூட்டிப் போய், முதலில் நூறு இருநூறு கொடுத்துவிட்டு, பிறகு ‘பணம் கட்டினால் பெரிய டாஸ்க்’ என்று உருவும் மோசடிக்கு அதுதான் வாசல்.

8. வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் மெட்டாவுடையது என்றாலும் அக்கவுன்ட்ஸ் சென்டரில் அது தானாகச் சேராது. சேர்க்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். 2025 ஜூன் மாதத்தில், ‘அப்டேட்ஸ்’ பகுதியில் ஸ்டேட்டஸ்களுக்கு நடுவே விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். கணக்கைச் சேர்த்தால் பேஸ்புக்கில் சேர்ந்த தகவலும் அந்த விளம்பரங்களுக்குப் பயன்படும்.

மாற்ற வேண்டியவை: ‘பிரைவசி’யில் ‘குரூப்ஸ்’ என்பதை ‘மை கான்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். ‘கால்ஸ்’ உள்ளே ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ போடுங்கள். அழைப்பு பட்டியலில் பதிவாகும், மணி மட்டும் அடிக்காது. ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டு 6 இலக்க எண் வையுங்கள். ‘லிங்க்ட் டிவைசஸ்’ உள்ளே தெரியாத கணினி இருந்தால் நீக்குங்கள்.

நிறுவனங்கள் அனுப்பும் சலுகைச் செய்திகளை வெறுமனே அழிப்பதில் பயனில்லை. ‘பிளாக்’ கொடுத்து, காரணம் கேட்கும்போது ‘ஸ்பேம்’ அல்லது ‘நான் கேட்கவில்லை’ என்று தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் செய்யுங்கள். இப்படி நிறையப் பேர் செய்தால் அந்த எண்ணின் தர மதிப்பீடு இறங்கும். செய்திக்குக் காசு கட்டும் நிறுவனத்துக்கு உறைப்பது அதுதான். ரிப்போர்ட் செய்யும்போது கடைசி 5 செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும், அனுப்பியவருக்குத் தெரியாது.

ஆனால் பண மோசடி என்று சந்தேகம் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே ரிப்போர்ட். அவசரத்தில் அரட்டையையே அழித்துவிட்டு, புகார் கொடுக்கும்போது காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் பலர்.

9. பேஸ்புக்கில் ஸ்பேம் நுழையும் வழிகள்

நண்பர் பட்டியலை ‘ஒன்லி மீ’ ஆக்குங்கள். உங்கள் படத்தையும் பெயரையும் எடுத்துப் போலிக் கணக்கு தொடங்குபவர், அடுத்து உங்கள் நண்பர் பட்டியலைத்தான் திறப்பார். அது மூடியிருந்தால் ‘அவசரமாக 15,000 வேண்டும், ஜிபே பண்ணு’ என்று யாருக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது. ஏற்கெனவே போலி வந்துவிட்டால், அந்தக் கணக்கில் மூன்று புள்ளியைத் தொட்டு, வேறொருவர் போல நடிப்பதாக ரிப்போர்ட் செய்து ‘மீ’ என்று தேர்ந்தெடுங்கள். நண்பர்களிலும் சிலரைச் செய்யச் சொல்லுங்கள்.

‘ப்ரொஃபைல் அண்ட் டேக்கிங்’ பகுதியில் டேக் செய்வதற்கு முன் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி இரண்டு ‘ரிவ்யூ’ பொத்தான்களையும் போடுங்கள்.

பேஜ் நடத்துபவர்களுக்கு ‘காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பேஜ் முடக்கப்படும்’ என்று மெசஞ்சரில் வருவது பொய். பெயர் ‘மெட்டா சப்போர்ட்’ என்று இருந்தாலும் பொய்தான். உண்மையாக மின்னஞ்சல் அனுப்பினார்களா என்பதை ‘பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி’யில் ‘ரீசென்ட் இமெயில்ஸ்’ உள்ளே பார்க்கலாம். அங்கே இல்லாத மின்னஞ்சலில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள்.

10. விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் முன்

ஒரு பட்டுப்புடவை 499 ரூபாய் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைத் தொடாமல், அந்தப் பேஜின் பெயரைத் தொட்டு ‘அபவுட்’ உள்ளே ‘பேஜ் டிரான்ஸ்பேரன்சி’யைத் திறங்கள். பேஜ் தொடங்கிய தேதி, பெயர் மாறிய வரலாறு, பல பேஜ்களில் நிர்வாகிகள் இருக்கும் நாடு ஆகியவை அங்கே இருக்கும். தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, அல்லது முன்பு சினிமா ரசிகர் பேஜாக இருந்து புடவைக்கடையாகப் பெயர் மாறியிருக்கிறது என்றால் விலகுங்கள். விலைக்கு வாங்கிய அல்லது களவாடிய பேஜாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அங்கிருந்தே ‘ஆட் லைப்ரரி’க்குப் போகலாம். அந்தப் பேஜ் இப்போது ஓட்டும் எல்லா விளம்பரங்களும் வரிசையாகத் தெரியும். ஒரே நேரத்தில் புடவை, மூட்டு வலித் தைலம், டிரோன் மூன்றையும் விற்பது கடை இல்லை. பிரபலங்கள் முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பது போல வரும் வீடியோக்களையும் இங்கே வைத்துப் பாருங்கள். போலி என்று பட்டால் விளம்பரத்தின் மூன்று புள்ளியில் ‘ரிப்போர்ட் ஆட்’ கொடுங்கள். ‘ஹைட்’ கொடுத்தால் உங்களுக்கு மட்டும்தான் மறையும்.

11. பணம் போய்விட்டால்

யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல், சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, ஏடிஎம்மில் எடுக்கப்படும் முன் தடுத்தால்தான் திரும்பும். கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் ஸ்கிரீன்ஷாட்களோடு புகாரைப் பதியுங்கள்.

பணம் போகவில்லை, முயற்சி மட்டும் நடந்தது என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்‌ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். வாட்ஸ்அப்பில் வந்ததையும் ஏற்கிறார்கள்.

12. ஒரு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியவை

‘யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ்’ பட்டியல் காலியாகவே இருக்கிறதா? ‘ஆடியன்ஸ் பேஸ்ட்’ பகுதியில் புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள்? புதுப் போன் வாங்கியிருந்தால் விளம்பர எண்ணும் கான்டாக்ட் அப்லோடும் மறுபடி அணைக்கப்பட்டிருக்கின்றனவா? இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அம்மா அப்பாவின் போனில் குறைந்தது 2, 8, 9 ஆகிய படிகளை அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். அந்த 6 இலக்க எண்ணை அவர்களே தேர்ந்தெடுத்து வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். நீங்கள் வைத்த எண் அவர்களுக்கு மறந்துபோனால் புதுப் போனில் வாட்ஸ்அப் திறக்க 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.